வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பக்கவாதம்: வீட்டில் பராமரிப்பது எப்படி?



நமது அறக்கட்டளை அலுவலகத்தின் பின்னறையில் சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், ஏர் பெட், வாக்கர் ஆகியவற்றை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தேவைப்படும் குடும்பத்தார் ஜமாஅத் கடிதத்தோடு வந்து வாங்கிச் செல்கிறார்கள். தேவை முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். இதில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. அதன்பின் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை. 'காய்ச்சல் அசதிதான், வெளிச்சம் வரட்டும்' என்று வீட்டார் காத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது நண்பகல் ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நாம் ஏர் பெட் கொடுத்தோம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஏர் பெட் இருக்கிறதே என்று அவரைத் திருப்பிப் படுக்கவைக்காமல் விட்டார்கள். இடுப்புக்குக் கீழே புண் வந்தது. பார்க்கப் போனவர்கள் ஓதி ஊதிய தண்ணீரையும் ஜம்ஜம் நீரையும் படுத்திருந்தவரின் வாயில் கரண்டியால் ஊற்றினார்கள். நாமும் ஒரு கரண்டி ஊற்றினோம். சில நாட்களில் நிமோனியா வந்து மறுபடி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கேயே வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல் விட்டதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அன்றிலிருந்து நமது பின்னறைப் பொருட்களை, பராமரிப்பு முறையைச் சொல்லித் தராமல் எவருக்கும் கொடுப்பதில்லை. அப்படி நேரில் சொல்லி வருவதை எல்லாக் குடும்பங்களும் படித்து வைத்துக்கொள்ளும்படி இங்கே எழுதுகிறோம்.

காய்ச்சலுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு?

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்துக் கசிந்தாலோ வருவதுதான் பக்கவாதம். பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. பிரஷர், சர்க்கரை, புகைபிடித்தல், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை இதன் பழைய காரணங்கள். இவற்றோடு வைரஸ் தொற்றும் ஒரு தூண்டுதலாக அமையக்கூடும்.

வைரஸை எதிர்த்து உடல் போராடும்போது இரத்தக்குழாயின் உட்சுவர் அழற்சி அடைகிறது. இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறைகிறது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் உடலில் நீர் வற்றுகிறது. சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போய் அடைக்கிறது. ஏற்கெனவே பிரஷரும் சர்க்கரையும் உள்ளவருக்கு இவ்வளவும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது.

2020, 2021 ஆண்டுகளின் கோவிட் அலையில் இதை உலகமே பார்த்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிந்திய வாரங்களிலும் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கிறது. அக்கி வந்தவர்களுக்கு, குறிப்பாகக் கண்ணைச் சுற்றி வந்தவர்களுக்கு, அடுத்த சில மாதங்கள் கவனம் தேவை. சின்னம்மை கண்ட குழந்தைகளுக்கும் அரிதாகச் சில மாதங்கள் கழித்துப் பக்கவாதம் வருவதுண்டு. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம், அதுவும் அரிதுதான்.

காய்ச்சல் வந்த எல்லோருக்கும் பக்கவாதம் வரும் என்று பயப்பட வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாய்க்கோணலையும் கை சோர்வையும் 'அசதி' என்று ஒதுக்காமல் இருந்தால் போதும்.

முதல் சில மணி நேரம்

சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது; இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறது; பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் உடனே 108-க்கு அழையுங்கள். பெரிய இரத்தக்குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் மூளைச் செல்கள் அழிவதாக மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தண்ணீர், காபி, தேன் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். பிரஷரை இறக்க வேண்டும் என்று கூடுதல் மாத்திரை கொடுப்பதும் தவறு. சமீபத்தில் வந்த காய்ச்சலைப் பற்றியும், அதற்கு எடுத்துக்கொண்ட மருந்துகளைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அழைத்து வரும் முன்

டிஸ்சார்ஜ் என்றதும் பில், ஆட்டோ, மருந்துச் சீட்டு என்ற ஓட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிடுகிறோம். ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதித்தீர்களா, என்ன பதத்தில் உணவு கொடுக்கலாம்? எந்த மருந்து எத்தனை நாளுக்கு, எதைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது? பிசியோதெரபி எப்போது தொடங்குவது, எந்தப் பயிற்சி? என்ன அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும்? வைரஸ் தொற்று இன்னும் பரவக்கூடிய நிலையில் இருக்கிறதா?

வார்டிலுள்ள நர்ஸிடம் ஒரு நாள் முன்னதாகவே கேட்டு, திருப்பிப் படுக்கவைப்பதையும் குழாயில் உணவு கொடுப்பதையும் அவர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் கைநடுங்கக் கற்பதைவிட அது நல்லது.

முதல் கவளத்துக்கு முன்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிரமம் இருக்கிறது. உணவோ நீரோ உமிழ்நீரோ மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நிமோனியா வரும். சிலருக்கு இருமல்கூட வராமலே உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சலினால் ஏற்கெனவே களைத்துப்போன நுரையீரலுக்கு இது இரட்டைச் சுமை.

தண்ணீர்தானே, இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். இவர்களுக்கு விழுங்கக் கடினமானதே தண்ணீர்தான். அது வேகமாக ஓடிவிடுகிறது. பல நோயாளிகளுக்குக் கஞ்சி, மசித்த இட்லி, கட்டித் தயிர் போன்ற பதமே பாதுகாப்பானது. எந்தப் பதம் என்பதைப் பரிசோதித்த மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ சொல்வார்.

ஊட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்:

நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் ஊட்ட வேண்டும். நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தேக்கரண்டி அளவு, நல்ல பக்கக் கன்னத்தில் வைக்க வேண்டும். ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஸ்ட்ரா வேண்டாம். டி.வி.யும் பேச்சும் வேண்டாம். சாப்பிட்டு முடிந்ததும் சோர்ந்த பக்கக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட வேண்டும். அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். இருமல், ஈரக் குரல், மூச்சு வாங்குதல், காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கும் தினமும் இரண்டு வேளை பல்லும் நாக்கும் சுத்தம் செய்ய வேண்டும். வாயிலுள்ள கிருமிதான் உமிழ்நீரோடு நுரையீரலுக்குப் போகிறது.

மூக்குக் குழாய் போட்டிருந்தால், மூக்கின் ஓரத்தில் குழாயில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றாதீர்கள். குழாயை நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி, நன்றாக வடிகட்டிய உணவை மெல்ல இறங்க விட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் சிறிது தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது.

நலம் விசாரிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜம்ஜம் நீரின் பரக்கத்தை நாம் மறுக்கவில்லை. அதை வீட்டாரிடம் கொடுத்து விடுங்கள். மருத்துவர் அனுமதித்த முறையில் அவர்கள் கொடுப்பார்கள். படுத்திருப்பவரின் வாயில் எவரும் எதையும் ஊற்ற வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்தான். எலும்பு துருத்தும் இடத்தில் உடல் எடை அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கடினம், நிறம் கருத்தல் இவற்றைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏர் பெட் உதவும். பக்கம் மாற்றும் வேலையை அது செய்யாது. நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தலையணை வேண்டாம். அது சுற்றிலும் அழுத்திக் கெடுதல் செய்யும். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. நகர்த்தும்போது இழுத்தால் தோல் உரியும். அடியில் ஒரு துப்பட்டியை மடித்துப் போட்டு, இருவர் இரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

கிப்லா பக்கம் முகம் இருக்கட்டும் என்று நாள் முழுதும் ஒரே பக்கமாகப் படுக்க வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தொழும் நேரத்தில் திருப்பிக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் பக்கம் மாற்றுவதே அந்த உடலுக்குச் செய்யும் அமானிதம்.

மறதிக்கு ஒரு வழி உண்டு. ஐந்து வேளை பாங்கு நேரங்களையும் சேர்த்து ஓர் அட்டையில் மணிக்கணக்கு எழுதிச் சுவரில் மாட்டுங்கள். காலை 6 மணிக்கு வலப்பக்கம், 8 மணிக்கு உணவுக்காக உட்கார வைத்தல், 10 மணிக்கு இடப்பக்கம் என்று வரிசை போகட்டும். செய்தவர் பக்கத்தில் தன் பெயரை எழுத வேண்டும். யார் எத்தனை முறை செய்தார்கள் என்பதை அந்த அட்டையே காட்டிவிடும்.

சோர்ந்த கையும் காலும்

சோர்ந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ ஒருபோதும் தூக்காதீர்கள். தசைப்பிடிப்பு இல்லாத அந்தத் தோள்மூட்டு எளிதில் விலகிவிடும். பிறகு வரும் தோள்வலி பயிற்சியே செய்யவிடாது. உட்காரும்போது அந்தக் கை தொங்காமல் தலையணை மேல் இருக்க வேண்டும். அந்தப் பக்கமாகப் படுக்கும்போது தோள் உடலுக்கடியில் மாட்டாமல் மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

சட்டை போடும்போது சோர்ந்த கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை நல்ல பக்கத்தில் போட்டு, சக்கரத்தைப் பூட்டிய பிறகு மாற்றுங்கள்.

எண்ணெய் தேய்த்துவிட்டால் கை கால் திரும்பும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. கை கால் திரும்புவதற்கு உதவுவது பயிற்சி. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வைரஸ் தொற்றுக்குப் பின் இரத்தம் எளிதில் உறையும் என்று மேலே சொன்னோம். அசையாமல் கிடக்கும் காலிலும் அப்படி உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை நீவாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தாலும் அப்படியே.

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சியை விடக் கூடாது. ஆனால் வைரஸ் தொற்றிலிருந்து எழுந்தவருக்குக் களைப்பு அதிகம். நாளில் ஒருமுறை நீண்ட நேரம் செய்வதைவிடப் பல முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரும் மலமும்

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் படக் கூடாது. தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இனி குழாய் தேவையா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவரைக் கேளுங்கள். நாள் கூடக் கூடத் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். டயபர் நனைந்ததும் மாற்றி, துடைத்து, உலரவிட வேண்டும். ஈரத்தோல்தான் முதலில் புண்ணாகிறது. மலச்சிக்கல் வந்தால் முக்கவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேச்சும் மனமும்

ஒரு சகோதரர் தன் மகனின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் இருந்தார். ஆனால் சூரத்துல் ஃபாத்திஹாவைத் தொடங்கிவைத்தால் முழுதும் ஓதினார். 'ஓத வருகிறது, பேச மட்டும் வராதா? பிடிவாதம்!' என்று வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அது பிடிவாதம் அன்று. இளமையிலிருந்து மனனமாகி, நாவில் தானாக ஓடுபவை சிலருக்குத் தங்கிவிடுகின்றன. புதிதாகச் சொல் தேடிப் பேசும் திறன் மட்டும் பாதிக்கப்படுகிறது. அவருக்கு எல்லாம் கேட்கும், பெரும்பாலும் புரியும். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசாதீர்கள். அவர் எதிரிலேயே 'இனி எங்கே எழப்போகிறார்' என்று பேசாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி சிறு கேள்விகளாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் இடப்பக்கத்தையே கவனிக்க மாட்டார்கள். தட்டில் இடப்பாதி உணவு அப்படியே இருக்கும். சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள். இவையும் நோயின் பகுதிகள்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. அதை ஈமானின் குறைவாகப் பார்க்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. பராமரிப்பவர்களும் அதில் பேசலாம்.

மருந்தை நிறுத்தாதீர்கள்

ஏறத்தாழ நான்கு பக்கவாதங்களில் ஒன்று, முன்பே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது. கை கொஞ்சம் தூக்க வந்ததும் மாத்திரையை நிறுத்துவது அதற்கு வாசலைத் திறப்பது போன்றது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கோவிட் போன்ற தொற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும். அடிக்கடி பார்க்க வேண்டும். பிரஷர், சர்க்கரை, காய்ச்சல் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

தொற்று இன்னும் இருக்குமானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் போகிறவர் முகக்கவசம் அணியட்டும். நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை. ஆனால் இருபது பேர் ஒன்றாக அறைக்குள் நிற்பது அந்தக் கடமையில் சேராது. இருமலும் காய்ச்சலும் உள்ளவர் போனில் ஸலாம் சொல்லி துஆச் செய்தால் போதும்.

தொழுகை

'சுத்தமில்லை, தொழ முடியாது' என்று பல நோயாளிகள் மனம் வெதும்புகிறார்கள். மார்க்கம் அவர்களுக்கு வாசலை மூடவில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் சைகையால் தொழலாம். தண்ணீர் கேடு செய்யும் என்றால் தயம்மும் இருக்கிறது. உளூச் செய்ய இன்னொருவர் உதவலாம். சிறுநீர்க் குழாய், டயபர் உள்ளவருக்கும் சலுகையான சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு நோயாளிக்குச் சொல்லுங்கள். நோன்புக்காக மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். எழுந்து நோன்பு நோற்கும் நம்பிக்கை இல்லாதவருக்கு ஃபித்யா உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு உம்மா, முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து அஸர் தொழுத நாளில்தான் சிரித்தார் என்று அவருடைய மகன் சொன்னார்.

யார் செய்வது?

இதுவரை எழுதியவை எல்லாம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை திருப்புதல், ஐந்தாறு முறை ஊட்டுதல், துடைத்தல், பயிற்சி, மருந்து என்று ஆகிறது. நம் வீடுகளில் இது முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவி, மகள், பெரும்பாலும் மருமகள். அவருக்கும் அதே காய்ச்சல் வந்து போயிருக்கும். இரவில் தூக்கமில்லை, இடுப்பு வலி. அவர் தளர்ந்து விழும் நாளில்தான் நோயாளிக்கும் புண் வருகிறது.

தகப்பனாரின் மறைவிடத்தைச் சுத்தம் செய்வதை மருமகளிடம் விட்டுவிட்டு மகன்மார் வாசலில் நின்று வருவோரோடு பேசிக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவ்ரத்தைப் பற்றி மேடையில் பேசும் நாம் இதைப் பற்றியும் பேச வேண்டும். பெற்றோருக்குச் செய்யும் கித்மத் முதலில் பிள்ளைகளின் கடமை, ஆண் பிள்ளைகளும் அதில் அடங்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பினால், அந்தப் பணத்தில் இரவுக்கு ஒரு ஆள் வைக்கலாம். உள்ளூரில் இருக்கும் மகன் இரவு 10 மணி, 12 மணி, 2 மணித் திருப்பலை ஏற்கலாம். நாம் மேலே சொன்ன உம்மாவின் வீட்டில் மூன்று மகன்மாரும் முறை வைத்துக்கொண்டார்கள். கடைசி மகன் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தார். நான்காம் மாதம் அந்த உம்மா வாக்கரைப் பிடித்து வாசல் வரை வந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய உடம்பில் ஒரு புண்கூட இல்லை என்பதை நாம் சாட்சியாகச் சொல்லலாம்.

கிடைக்கும் உதவிகள்

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான நோய்த்தணிப்புச் சேவையும் வீடு தேடி வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கை கால் பலவீனம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத நமது அலுவலகத்தில் உதவுவோம். அறுபது வயதைக் கடந்தவர்களும் இதய நோய், சர்க்கரை உள்ளவர்களும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டிலோ ஏர் பெட்டோ வாங்க வரும் குடும்பத்திலிருந்து இனி இருவர் வர வேண்டும், அதில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும். திருப்பிப் படுக்கவைப்பதையும் உட்கார வைத்து ஊட்டுவதையும் செய்து காட்டிய பிறகே பொருளைக் கொடுப்போம். இதை யாரும் கெடுபிடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை சொல்லாமல் கொடுத்ததன் பாரம் இன்னும் நம் மேல் இருக்கிறது.

அந்தப் பெரியவரின் பிழைகளையும் நம் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்தருள்வானாக. நம் வீடுகளில் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைத் தாங்கும் கைகளுக்கு வலிமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.